உனைசி பத்துக்குப் பத்து வாங்கிய வெள்ளிக்கிழமை

சம்பளம் கூடியது தப்பு என்று யாராவது சொன்னால் அவர்களை ஒரு வாரம் ஆர்மோகம் ஹோட்டலில் தட்டு தூக்க விட வேண்டும். மணிக்கு ஐந்து டாலர் கொடுத்தே தீர வேண்டும் என்று ரேடியோவில் செய்தி வந்த அன்று, உனைசி கையில் இருந்த கரண்டியோடு அடுப்படிக்குள் புகுந்து ஓர் ஆட்டம் ஆடினாள். கூட வேலை பார்த்த டிட்டிலியாவும் சுபாஷ்னியும் கை தட்டினார்கள். பத்தொன்பது வருஷமாக நின்றே தேய்ந்த கால் உனைசிக்கு. கெண்டைச் சதையில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும். அந்தக் காலுக்கு ஐந்து டாலர் ஜாஸ்தி என்று சொல்கிறவனுக்கு மனசாட்சியே கிடையாது.

எங்கள் தீவு நாட்டில், லவ்தோக்கா நகரத்தில், சர்க்கரை ஆலைக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் இருக்கிறது அந்த ஹோட்டல். பதினோரு மேசை. ஆட்டுக்கறி, ரொட்டி, தேங்காய்ப்பாலில் வெந்த மீன், மரவள்ளிக் கிழங்கு. முதலாளி ஆர்மோகம் அறுபதைத் தாண்டியவர். கரும்பு வெட்ட ஆறுமுகம் என்று கப்பலேறி வந்த பாட்டன் பெயர் பதிவேட்டில் ஆர்மோகம் ஆகி நான்கு தலைமுறை ஓடிவிட்டது. நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர் என்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. கெட்டவனாக இருந்திருந்தால் நடந்ததற்கெல்லாம் அவன் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம்.

உனைசி, வருகிறவர்களுக்கு நைசி, ஒருநாளும் யாரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. வந்து உட்காரும் ஆளின் முகத்தைப் பார்ப்பாள். நீதிமன்றக் குமாஸ்தா ஒருவர் ஆட்டுக்கறிக்கு ஆசைப்பட்டு வாயைத் திறப்பார்.

"உனக்கு இன்னிக்குக் கறி கிடையாது. நேத்து கல்யாண வீட்டுல மூக்கு முட்டத் தின்னுட்டு வந்திருக்க, கண்ணு மஞ்சளா கெடக்கு. பருப்பும் சோறும் தர்றேன், தின்னுட்டுப் போ."

"நான் காசு குடுக்கறேன் நைசி."

"காசு குடுத்தா வயிறு சரியாயிடுமா?"

அவர் பருப்பும் சோறும் தின்றுவிட்டுப் போவார். மறுநாளும் வருவார். தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, சில நாள் நாமே எழுந்து போய் ஊற்றிக்கொள்ள வேண்டும். காய்ச்சலோடு வந்தவனுக்கு இஞ்சி போட்ட சூப் கேட்காமலே வரும். மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்தவனுக்குத் திட்டு கேட்காமலே வரும். அந்தத் திட்டைத் தின்னத்தான் பாதிப்பேர் வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எப்பேலி வருவார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், மலையூர்க்காரர், ஆள் கதவை அடைக்கிற மாதிரி இருப்பார். உனைசி கடலுக்கு நடுவே ஒரு சின்னத் தீவுக்காரி. அவர் ஊருக்கும் இவள் ஊருக்கும் தௌவு முறை. இரண்டு ஊருக்கும் ஆதி தெய்வம் ஒன்று. அதனால் ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் ஏசலாம், ஒருவர் தட்டில் இருப்பதை இன்னொருவர் எடுக்கலாம். கோபித்துக்கொள்ளத்தான் கூடாது. நம் வீடுகளில் மாமன் மகனும் அத்தை மகளும் மல்லுக்கு நிற்பது போலத்தான், இங்கே அது ஊருக்கும் ஊருக்கும்.

எப்பேலி வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்.

"அடியே உப்புத்தண்ணி! உன்ன இன்னும் சுறா தின்னலையா?"

"வந்துச்சுய்யா. நேத்து ஒரு மலைக்காரனத் தின்னு வயித்தால போகுதுன்னு அப்படியே திரும்பிப் போயிடுச்சு."

மொத்த ஹோட்டலும் சிரிக்கும். அவர் மீன் கேட்பார். "முள்ளு எடுக்கத் தெரியாதவனுக்கெல்லாம் மீனு ஒரு கேடா?" என்றபடி கொண்டுவந்து வைப்பாள். அவர் கை வைக்குமுன் கரண்டிக் காம்பால் புறங்கையில் ஒரு போடு போட்டு, மீன் தலையைப் பிய்த்து எடுத்து, அங்கேயே நின்று உறிஞ்சித் தின்பாள். அவர் முள்ளை எடுத்து அவள்மேல் எறிவார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோகம் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். அவரும் இந்த இரண்டு ஊர்ப் பையன்களோடும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். தௌவு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சம்பளம் கூடுவதற்கு முந்தின வருஷம் உனைசியின் புருஷன் சமிசோனி கரும்பு லாரி கவிழ்ந்து செத்துப்போனான். எப்பேலி மலையிலிருந்து நாற்பது பேரையும் ஒரு பன்றியையும் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டு நாளாக வாய் திறக்காமல் பாயில் சுருண்டு கிடந்தவளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "லாரி மேல ஏன்டி பழி போடுற? பாவம், உன் சமையலுக்குப் பயந்துதான அவன் குதிச்சான்" என்றார். உனைசி அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் வாய்விட்டு அழவே முடிந்தது அவளுக்கு.

இதையெல்லாம் எந்தக் கேமராவில் பிடிப்பது?

சம்பளம் கூடிய இரண்டாம் வாரம் ஆர்மோகம் ஆக்லாந்தில் இருக்கும் மகனுக்கு ஃபோன் போட்டுப் புலம்பினார். எடுத்தவள் மருமகள் ஷயல். ஒன்பது வயதில் தலைநகர் சுவாவை விட்டுப் போனவள், அங்கே பெரிய ஹோட்டலில் மேற்பார்வை வேலை. கெட்டிக்காரி. ஹோட்டலுக்குப் புது அடுப்பும் குளிர்பெட்டியும் வாங்கிக் கொடுத்தது அவர்கள்தான் என்பதால் ஆர்மோகத்துக்கு அவள் சொன்னதே சட்டம். பத்து நாளில் கல்லாவுக்கு மேலே கேமரா வந்தது. படம் வரும், சத்தம் வராது, ஆனால் வாய் அசைவது தெரியும். ஷயல் ஆக்லாந்தில் உட்கார்ந்து ஃபோனில் பார்ப்பாள். கூடவே ஒரு தாளும் வந்தது. ஆள் உட்கார்ந்த அரை நிமிடத்தில் வணக்கம். இரண்டு நிமிடத்தில் தண்ணீர். புன்னகை. குளிர்பானம் வேண்டுமா என்று கேட்பது. வேலைக்கு அநாவசியமான பேச்சு கூடாது. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், மொத்தம் பத்து.

ஆர்மோகம் மூன்று பெண்களையும் நிற்கவைத்துத் தாளைப் படித்தார். படிக்கும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அஞ்சு டாலர் வாங்கினா அஞ்சு டாலருக்கு வேலை தெரியணும்னு சொல்றா. நான் சொல்லல, அவ சொல்றா."

"அப்ப இத்தன வருஷம் நான் பண்ணினது எத்தன டாலர் வேலை பாஸ்?" என்றாள் உனைசி.

"வாயக் குடுக்காத நைசி. இன்னொண்ணும் இருக்கு. மாசக் கடைசியில ஒருத்தர்தான் முழு நேரம். மத்தவங்களுக்குக் கூட்டம் இருந்தா கூப்பிடுவோம்."

"கூட்டம் இல்லன்னா?"

"கூப்பிட மாட்டோம்."

டிட்டிலியா அன்றைக்கே மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தங்கை வேலை பார்க்கும் துணிக்கடைக்குப் போய்விட்டாள். மிச்சம் உனைசியும் சுபாஷ்னியும். உனைசிக்கு அப்படிப் போக வழியில்லை. மகள் ராய்ஜியேலி சுவாவில் நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம். புருஷனும் இல்லாத வீட்டில் இந்த ஒரு வேலைதான் அந்தப் படிப்பைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது போனால் பெண் பாதியில் திரும்பி வந்து இவளோடு சேர்ந்து தட்டுதான் தூக்க வேண்டும். முழு நேர வேலை தனக்குத்தான் கிடைக்க வேண்டும் என்று உனைசி சர்ச்சில் மண்டியிட்டு வேண்டினாள். சுபாஷ்னியும் கோயிலில் அதையேதான் வேண்டிக்கொண்டிருப்பாள்.

"சிரிச்சுச் சிரிச்சுத் தாடையே கழண்டுடும் போல இருக்குக்கா" என்று சுபாஷ்னி கன்னத்தைத் தேய்த்துக்கொள்வாள். அவள்மீது உனைசியால் பொறாமைப்படவும் முடியவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை உனைசி மறந்துவிட்டாள். எப்பேலி வந்தார், ஏசினார், இவளும் ஏசினாள், கரண்டியால் போட்டாள், மீன் தலையைத் தின்றாள். மறுநாள் காலை கல்லாவுக்குப் பக்கத்தில் தாள் ஒட்டியிருந்தது. சுபாஷ்னி எட்டு. உனைசி மூன்று. கீழே குறிப்பு: வாடிக்கையாளரைக் கரண்டியால் அடித்தார். வாடிக்கையாளரின் தட்டிலிருந்து எடுத்துத் தின்றார். வாடிக்கையாளர் கோபத்தில் முள்ளை எறிந்தார். முதல் எச்சரிக்கை. இன்னொரு எச்சரிக்கை வந்தால் வேலை இல்லை.

உனைசி தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள்.

"பாஸ், கோபத்தில முள்ள எறிஞ்சாராம். நீங்க பாத்துட்டுத்தான இருந்தீங்க? வயித்தப் புடிச்சுட்டுச் சிரிச்சீங்களே!"

"சிரிச்சேன். இல்லேங்கல."

"அப்ப சொல்லுங்க. தௌவுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அந்தப் பொண்ணுகிட்ட. எனக்காகச் சொல்லுங்க."

ஆர்மோகம் தேநீரைக் கலக்கினார். சர்க்கரை கரைந்து வெகுநேரம் ஆன பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அங்க உக்காந்திருக்கறவளுக்கு இத ஃபோன்ல எப்படிம்மா சொல்லிப் புரியவைக்கறது? சொன்னா, மாமா நீங்க பழைய காலத்து ஆளுன்னுவா. நாலு வாரம் வாய மூடிட்டு நீ சிரிச்சுட்டுப் போயேன். உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

வேலை வேண்டும். தாளை மடித்து வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை எப்பேலியும் அவருடைய சித்தப்பா மகன்கள் இரண்டு பேரும் வந்தார்கள். "என்னடி, பழைய கருவாடே..." என்று அவர் ஆரம்பித்தார். உனைசி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, லேசாகக் குனிந்து, வணக்கம் சொன்னாள். "உக்காருங்க சார்" என்றாள். ஒன்றரை நிமிடத்தில் மூன்று தம்ளர் தண்ணீர் வந்தது. குளிர்பானம் வேண்டுமா என்று கேட்டாள். பற்கள் தெரியச் சிரித்தாள்.

எப்பேலி தம்பிகளைப் பார்த்தார். தம்பிகள் மேசையைப் பார்த்தார்கள்.

"நைசி. யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்ல சார். மீன் இருக்கு, கோழி இருக்கு. என்ன கொண்டுவரட்டும்?"

"நான் என்ன தப்பு பண்ணினேன்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேமரா கல்லாவுக்கு மேலே கறுப்பாக முழித்துக்கொண்டிருந்தது. வேலைக்கு அநாவசியமான பேச்சு கூடாது.

"மூணு மீன் கொண்டுவர்றேன் சார்."

கொண்டுவந்தாள். தலையோடு, வாலோடு, முழுசாக மூன்று மீன். வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள். எப்பேலி மீன் தலையைத் தட்டின் ஓரத்தில் தள்ளி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் அந்தப் பக்கம் வரவே இல்லை. மூன்று பேரும் காசை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மீன் தலை அப்படியே கிடந்தது. உனைசி அதை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

அந்த வாரத் தாளில் உனைசிக்குப் பத்துக்குப் பத்து. "மிகச் சிறப்பான முன்னேற்றம்" என்று எழுதி ஒரு சிரிக்கும் பொம்மையும் போட்டிருந்தாள் ஷயல். பத்தொன்பது வருஷத்தில் அந்த ஹோட்டலில் உனைசி செய்த ஆக மட்டமான வேலைக்குக் கிடைத்த பரிசு அது. தாளை அவள் யாரிடமும் காட்டவில்லை.

இரவலாக ஒரு ஃபோன் வாங்கியாவது அவள் எப்பேலியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன? ஒரு மாதம் ஓடிவிட்டால் வேலை நிலைத்துவிடும், பிறகு ஒருநாள் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லாக் கதையையும் சொல்லி, நாலு வசவும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். மலைக்காரர்கள் அத்தனை நாள் பொறுக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தௌவுக்காரி மரியாதை கொடுக்கிறாள் என்றால் உறவை அறுக்கிறாள் என்று அர்த்தம். அறுப்பதற்கு ஏதோ பெரிய காரணம் இருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க மலையூரில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். சமிசோனியின் சாவு வீட்டில் அடித்த கேலி மனசைப் புண்படுத்திவிட்டது என்று முடிவு செய்திருக்கிறார்கள். எப்பேலி இரண்டு நாள் வேலைக்கே போகவில்லையாம்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. சுபாஷ்னிக்கு அன்று வேலை கொடுக்கவில்லை. பதினோரு மேசையும் நிறைந்திருந்தன. ஆலைக்காரர்கள், வங்கிக்காரர்கள், பேருந்து ஓட்டுநர்கள். உனைசி ஒருத்தி. இரண்டு மேசைக்கு இன்னும் தண்ணீர் போகவில்லை. அப்போது வாசலில் ஏழு பேர் செருப்பைக் கழற்றினார்கள்.

எப்பேலி சலவை செய்த சட்டை போட்டு, சடங்குக்குக் கட்டும் பாயை இடுப்பில் கட்டியிருந்தார். முன்னால் ஊர் சார்பாகப் பேசுகிற மலையூர்ப் பேச்சாளர், எழுபது வயதுக் கிழவர், இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர் ஒரு கட்டை மார்போடு அணைத்து வைத்திருந்தார். ஏழு பேரும் கல்லாவுக்கு முன்னால், சிமெண்டுத் தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்க வேரைக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அது யாரிடம் என்பதும் தெரியும்.

கிழவர் வேர்க்கட்டைத் தரையில் வைத்து, தலையைத் தாழ்த்தினார்.

"கடல்காரங்க மகளே, எங்க வாய் நீளம். உன் துக்க வீட்டுல விளையாடினது எங்க தப்பு. நீ ஏசாத ஹோட்டல்ல எங்களுக்குச் சோறு இறங்கல. இத எடுத்துக்க தாயி. எங்கள மறுபடி திட்டு."

உனைசி செய்ய வேண்டியது இவ்வளவுதான். எதிரே தரையில் உட்கார வேண்டும். மூன்று முறை கை தட்ட வேண்டும். வேரைத் தொட வேண்டும். அவர்கள் பேசுவதைக் கேட்டு, இவளும் நாலு வார்த்தை பேச வேண்டும். அரை மணி நேரம். தொடாவிட்டால் மன்னிப்பு இல்லை என்று அர்த்தம், இவளுக்கும் அவர்களுக்கும் மட்டுமல்ல, ஊருக்கும் ஊருக்கும்.

அவள் கையில் தட்டுகளோடு நின்றாள். திரும்பி ஆர்மோகத்தைப் பார்த்தாள். "பாஸ்" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. கல்லாவை விட்டு எழுந்து வந்து அந்தத் தட்டுகளை வாங்கி, அந்த இரண்டு மேசைக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும். கேமராவின் முன்னால் நின்று முதுகால் மறைத்திருந்தால்கூடப் போதும். ஆர்மோகம் கேமராவைப் பார்த்தார். பிறகு கல்லாப் பெட்டியைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். அந்த நேரத்தில் அங்கே தேட என்ன இருக்கிறது?

கல்லா மேல் இருந்த ஃபோன் அடித்தது. ஆக்லாந்து.

உனைசி தட்டுகளை மூன்றாம் மேசையில் வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு, குனிந்து, சிரித்தாள்.

"மேசை எதுவும் காலி இல்ல சார். வெளிய கொஞ்ச நேரம் காத்திருக்கீங்களா?"

யாரோ ஒரு பேருந்து ஓட்டுநர் "ஐயோ" என்றார். கிழவர் தலையை நிமிர்த்தவே இல்லை. எப்பேலி மட்டும் அவளைப் பார்த்தார். அந்தப் பெரிய முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கோபம் இல்லை. அடி வாங்கிய பிள்ளை போல அந்த மனுஷர் விழித்தார். பிறகு ஏழு பேரும் எழுந்து, குனிந்தபடியே பின்பக்கமாக நடந்து வெளியே போனார்கள். வைத்த வேரை வைத்தவர்கள் திரும்ப எடுக்கக் கூடாது. அது கல்லாவுக்கு முன்னால் தரையில் கிடந்தது. உனைசி அதைச் சுற்றிச் சுற்றி நடந்து பதினோரு மேசைக்கும் தண்ணீர் வைத்தாள். கடை சாத்தும்போது அதை அடுப்படிக்காரர் பெருக்கி ஓரமாகத் தள்ளினார்.

அந்த வாரத் தாளில் அவளுக்கு ஒன்பதரை. நடைபாதையில் தடுக்கி விழும்படி பொருள் கிடந்ததற்கு அரை மதிப்பெண் குறைப்பு.

முழு நேர வேலை உனைசிக்குக் கிடைத்தது. சுபாஷ்னியை ஒருநாளும் கூப்பிடவில்லை. ராய்ஜியேலி படிப்பை முடித்து லவ்தோக்கா ஆஸ்பத்திரிக்கே நர்ஸாக வந்துவிட்டாள். மலைக்காரர்கள் அந்த ஹோட்டலுக்கு வருவதில்லை. அவர்கள் வராததால் துறைமுகத்துக்காரர்கள் வருவதில்லை. நீதிமன்றக் குமாஸ்தா வயிறு கெட்டால் மருந்துக்கடைக்குப் போகிறார். இப்போது அங்கே போனால் உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்தில் தண்ணீர் வந்துவிடும், எதிரே நாலு காலி மேசை இருக்கும். "சர்வீஸ் முன்னவிட எவ்வளவோ மேல்" என்று ஆர்மோகம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். "ஆளுங்கதான் வர்றதில்ல. எல்லாம் இந்த அஞ்சு டாலரால வந்த வினை."

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சந்தையிலிருந்து போகும் பேருந்தில் உனைசி இரண்டு பையோடு ஏறினாள். உட்கார இடமில்லை. மூன்றாவது இருக்கையில் எப்பேலி. அவள் அவரைப் பார்த்தாள். ஒரு வசவு, ஒரே ஒரு வசவு போதும் என்று நினைத்தாள். கிழட்டுக் கருவாடு என்று அவர் சொன்னால்கூட அங்கேயே அவர் காலைப் பிடித்து அழுதுவிடத் தயாராக இருந்தாள். அவளே ஆரம்பித்திருக்கலாம். பைகளைக் கை மாற்றிக்கொண்டாள்.

எப்பேலி எழுந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"உக்காருங்கம்மா" என்றார். "பையக் குடுங்க, நான் வச்சுக்கறேன்."

பையை வாங்கி, அவள் காலடியில் அலுங்காமல் வைத்தார். வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டார். மகள் நர்ஸ் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோஷம் என்றார். பிறகு அவளுக்கு இடைஞ்சல் இல்லாமல் நாலடி தள்ளிப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி வந்தார். இறங்குகிற இடம் வரும்வரை அவர் அவளை ஒரு குறையும் சொல்ல முடியாத மரியாதையோடு நடத்தினார்.